டி இருக்கும் இடத்தில் 5

அன்புள்ள ஐயா,

வங்கியில் வேலை பார்க்கிறேன். குவாண்டம் இயற்பியல் பற்றி வாசிக்கும்போது ‘ஆப்பரேட்டர்’ என்ற சொல் அடிக்கடி வருகிறது, ஓரிடத்தில் ‘ஃபங்ஷனல் கால்குலஸ்’ என்றும் பார்த்தேன். சமன்பாடே இல்லாமல் நல்ல உவமை ஒன்றால் விளக்க முடியுமா? இதற்கெல்லாம் தமிழில் சொல் உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாடநூல்கள் ‘செயலி’ என்கின்றன. கைபேசிச் செயலியோடு குழம்பினால் ஆப்பரேட்டர் என்றே சொல்லுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. குவாண்டம் இன்னொரு நாள்.

உவமை தர மாட்டேன். தினமும் வட்டி கணக்கிடுகிறவர் சமன்பாடு வேண்டாம் என்று கேட்பது எனக்குக் கோபமாகவே இருக்கிறது. உவமையைப் படித்தால் புரிந்த மாதிரி இருக்கும், மறுநாள் கையில் எதுவும் மிஞ்சாது. ஒரே ஒரு கணக்கைக் கையால் போட்டவருக்குத்தான் அது சொந்தம்.

கல்லூரி இரண்டாம் ஆண்டில் வகையிடலை, அதாவது ஒன்று மாறும் வேகத்தைக் காண்பதை, ‘டி’ என்று எழுதி, டி² + 3டி + 2 என்று ஒரு கோவை கொடுப்பார்கள். சமன்பாட்டின் வலது பக்கம் அடுக்கில் 5x உள்ள அடுக்குக்குறிச் சார்பு (e⁵ˣ) இருந்தால், டி இருக்கும் இடத்திலெல்லாம் 5 போடு, 25 + 15 + 2, ஆக 42, அதால் வகு, விடை வந்தாயிற்று. டி என்பது ஒரு செயல், அதில் எப்படி எண்ணைப் போடலாம் என்று எழுந்து கேட்டேன். தேர்வுக்கு வேண்டியதை மட்டும் படி என்று உட்கார வைத்தார் ஆசிரியர். முழு மதிப்பெண் வாங்கினேன், ஆனால் அந்தக் கேள்வி வருடக்கணக்கில் உறுத்திக்கொண்டே இருந்தது.

பதில் உங்கள் மேசையிலேயே இருக்கிறது. நொடிக்கு நொடி கூட்டுவட்டி சேரும் கணக்கில், பணம் வளரும் வேகம் எப்போதும் இருக்கும் தொகைக்கு இத்தனை மடங்கு என்று நிலையாக இருக்கும். அது 5 மடங்கு என்று வையுங்கள். டி ஓர் ஆப்பரேட்டர், அது செய்வது வேகத்தைக் காண்பது மட்டுமே. இந்தச் சார்பின்மேல் அதைச் செலுத்தினால் அதே சார்பு 5 மடங்காகத் திரும்பி வரும், இருமுறை செலுத்தினால் 25 மடங்கு. அந்த ஒரு சார்பைப் பொறுத்தவரை டி வெறும் 5தான்! எண் இருக்க வேண்டிய இடத்தில் செயலையே வைத்துக் கணக்கிடுவது, அவ்வளவுதான் நீங்கள் கேட்ட ஃபங்ஷனல் கால்குலஸ். மற்ற சார்புகளை இப்படிப்பட்ட எளிய சார்புகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், பெரிய புத்தகங்களின் கஷ்டமெல்லாம் அந்தப் பிரிப்பில்தான்.

16 வயதில் பள்ளியை விட்டு, பிறகு தந்தி வேலைக்குப் போன ஆலிவர் ஹெவிசைட் டியை எண் போலவே பெருக்கியும் வகுத்தும் மின்சுற்றுக் கணக்குகளைத் தீர்த்தார். 1890களில் இதுபற்றி அவர் எழுதிய கட்டுரையின் மூன்றாம் பகுதியை லண்டன் ராயல் சொசைட்டி ஏற்கவில்லை. நிரூபணத்தில் இடைவெளி இருந்தது உண்மை, பின்னால் வந்தவர்கள் அதை நிரப்பினார்கள். ஆனாலும் கதவைச் சாத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை, அந்தப் பகுதியை நினைத்தால் எனக்கு அந்த வகுப்பறைதான் ஞாபகம் வருகிறது.

சரி, ஒரு தாள் எடுங்கள். 5க்குப் பதில் 2 போட்டுப் பாருங்கள், 12 வரும். அப்புறம் மைனஸ் 1 போடுங்கள். வகுக்கப் போகும்போது கை நின்றுவிடும். ஏன் நின்றது என்று நீங்களே யோசித்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்