வங்கி மறுத்த பின் கடன் எங்கே கேட்பது?

வணக்கம். தையற்கடை நடத்தும் நீங்கள் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கேட்ட 80,000 ரூபாய்த் தனிநபர் கடனை, சிபில் மதிப்பெண் (முந்தைய கடன்களைக் கட்டிய விதத்தை வைத்துச் சிபில் நிறுவனம் தரும் மதிப்பெண்) குறைவு என்று கூறி வங்கி மறுத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். உடனே வேறு வங்கிகளில் விண்ணப்பிக்க வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் பதிவாகி மதிப்பெண்ணை மேலும் குறைக்கக்கூடும். ஆண்டுக்கொரு முறை இலவசமாகக் கிடைக்கும் முழுக் கடன் அறிக்கையை முதலில் வாங்கிப் பாருங்கள். அடைத்து முடித்த கடன் நிலுவையாகக் காட்டப்பட்டிருந்தால் சிபில் நிறுவனத்திடமோ அந்தக் கடனைத் தந்த வங்கியிடமோ முறையிடுங்கள். அவர்கள் 30 நாள்களுக்குள் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

வீட்டில் நகை இருந்தால், உங்கள் பகுதித் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ நகரக் கூட்டுறவு வங்கியிலோ நகைக்கடன் கேட்பதே என் முதல் பரிந்துரை. அடகுப் பொருள் இருப்பதால் அங்கே மதிப்பெண்ணுக்கு அவ்வளவு முக்கியத்துவம் இராது. நகை இல்லையென்றால் மகளிர் சுயஉதவிக் குழுவை நாடலாம். ஆனால் சேர்ந்த மறுமாதமே பெருந்தொகை கிடைக்காது. குழுவின் சேமிப்பிலிருந்து சிறு கடன் வாங்கித் தவணை தவறாமல் கட்டிய பிறகே நம்பிக்கை வளரும்.

குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்தால் நுண்கடன் நிறுவனங்கள் பிணையின்றிக் கடன் தரலாம். எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதமும் இல்லை. குழுக்கடன் சிபிலில் ஏறாது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், நம்பாதீர்கள்.

கந்துவட்டிக்காரர் பக்கம் மட்டும் போகாதீர்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருந்தாலும், கையெழுத்திட்ட வெற்றுப் பத்திரத்தைத் திரும்பப் பெறுவது எளிதன்று.