தாளிப்புக்கு முன்னால் மிளகின் பங்கு

"வீட்டில் இருக்கும் காய்கறிகளை வைத்தே நாய்க்கு எளிதாகத் தின்பண்டம் செய்ய முடியுமா? எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. இன்றைக்குப் பொரியலுக்கு நறுக்குகிற கேரட்டும் பீன்ஸும் போதும். உப்பு, மிளகாய்த்தூள், எண்ணெய், வெங்காயம் எதுவும் படுவதற்கு முன்னால் நாயின் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்த ஒன்றை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் வேதனையானது. அதைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறோம். எங்கள் மிளகு ஆறு வயதுப் பெண் நாய். நாட்டு நாய்தான். மார்க்கெட்டுக்குப் பின்னால் குட்டியாகக் கிடைத்தாள், உடம்பு முழுக்கக் கறுப்பு. இப்போது 14 கிலோ. வந்த புதிதில் எங்கள் ஊர்ப் பக்கம் எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம்: மதியம் மிஞ்சிய சாம்பார் சாதத்தைப் பிசைந்து தட்டில் வைப்பது. அவளும் வழித்துச் சாப்பிடுவாள். ஒரு வாரம் வீட்டில் விருந்தாளிகள், தினமும் சின்ன வெங்காயச் சாம்பார். அந்த வாரக் கடைசியில் மிளகு படுத்த இடத்தை விட்டு எழவில்லை. சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனது.

டாக்டர் முதலில் செய்தது உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்ததுதான். வெளுத்திருந்தது. "வெங்காயம் சாப்பிட்டாளா?" என்று கேட்டார். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள சில கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வேகவைத்தாலும் வதக்கினாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. ஒரே நாளில் நிறையச் சாப்பிட்டாலும் ஆபத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் ஆபத்து. அறிகுறி தெரிய சில நாள் ஆகும் என்பதால் எதனால் வந்தது என்று நமக்குத் தோன்றவே தோன்றாது. மிளகு பிழைத்துக்கொண்டாள். ரத்தப் பரிசோதனை முழுக்கச் சரியாக வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அன்றிலிருந்து தாளித்த எதுவும் அவள் தட்டுக்குப் போவதில்லை.

சரி, இப்போது செய்முறை.

காலையில் பலகையில் கத்தி படும் சத்தம் கேட்டால் போதும், மிளகு எங்கிருந்தாலும் வந்துவிடுவாள். சமையலறைக்குள் நுழைய மாட்டாள். முன்னங்கால் இரண்டையும் வாசற்படியை ஒட்டி வைத்துக்கொண்டு, கேரட்டின் காம்புப் பக்கத்தை நான் வெட்டித் தள்ளும் அந்த நொடிக்காகக் காத்திருப்பாள். கேரட், பீன்ஸ், பரங்கிக்காய், சுரைக்காய் இவற்றில் அன்றைக்கு எது இருக்கிறதோ அதைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி, இட்லி வேகும்போது மேல் தட்டில் ஒரு குழியில் போட்டுவிடுவேன். இட்லி வேகிற நேரத்தில் காயும் வெந்துவிடும். விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும், ஆனால் குழையக் கூடாது. பச்சைக் கேரட்டும் கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் பெரிய துண்டாக விழுங்கினால் மறுநாள் அப்படியே வெளியே வந்துவிடும், சில நாய்களுக்குத் தொண்டையிலும் சிக்கும். வெந்தது நன்றாகச் செரிக்கும். ஆறியதும் ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.

சுரைக்காயையும் வெள்ளரியையும் நறுக்கியதும் ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் தூக்கிப் போடுங்கள். அந்தக் கசப்பு விஷம், நமக்கும்தான்.

நீங்கள் தின்பண்டம் என்று கேட்டதால், கொஞ்சம் மெனக்கெட்டுச் செய்கிற ஒன்றையும் சொல்கிறேன். மிளகுக்கு உயிர் இதுதான்: சர்க்கரைவள்ளிக் கிழங்கு சிப்ஸ். சங்கராந்தி சமயத்தில் பெங்களூர் முழுக்கத் தள்ளுவண்டியில் கிழங்கு குவிந்திருக்கும். இங்கே கெணசு என்பார்கள். பருமனாக, பூச்சித் துளை இல்லாததாகப் பார்த்து எடுங்கள். மண் போகத் தேய்த்துக் கழுவி, தோல் சீவி, ஒரு ரூபாய் நாணயத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு தடிமனில் வட்ட வட்டமாக வெட்டுங்கள். ரொம்ப மெல்லியதாக வெட்டினால் ஓரம் கருகிவிடும். ஒன்றன்மேல் ஒன்று படாமல் தட்டில் பரப்பி, ஓடிஜியில் (மின்சார அவன்) 120 டிகிரியில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் வைக்க வேண்டும். பாதியில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். எண்ணெய் வேண்டாம். எடுக்கும்போது வளைத்தால் தோல் செருப்பு வார் போல வளைய வேண்டும், ஆனால் ஈரம் கையில் ஒட்டக் கூடாது. ஆற ஆற இன்னும் கொஞ்சம் இறுகும். மிளகு ஒரு துண்டை முன்னங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் மென்றுகொண்டே இருப்பாள்.

முதல் தடவை செய்தபோது, அம்மா மொட்டை மாடியில் வற்றல் போடுகிற மாதிரி வெயிலில் காயவைத்துப் பார்த்தேன். அது ஜூலை மாதம். பெங்களூர் ஜூலையில் வெயில் எங்கே இருக்கிறது? மூன்றாம் நாள் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. பூஞ்சை வந்த துண்டை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைக் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் எல்லாவற்றிலும் பரவியிருக்கும். மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும். நன்றாகக் காய்ந்ததைக்கூட நான் வெளியே வைப்பதில்லை. ஒரு வாரத்துக்கு வேண்டியது ஃப்ரிட்ஜில், மீதி ஃப்ரீசரில்.

அளவு விஷயத்தில் கவனம் தேவை. தின்பண்டம் ஒரு நாள் உணவின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. மிளகைப் போலக் கருத்தடை செய்த, 14 கிலோ உள்ள நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 800 கலோரி தேவைப்படும். அப்படியென்றால் தின்பண்டத்துக்கு 80. நூறு கிராம் கேரட்டில் 41 கலோரிதான், ஆகவே கணக்குப்படி 200 கிராம் வரை இடம் இருக்கிறது (வயிறு அவ்வளவு நாரைத் தாங்குமா என்பது வேறு, நான் ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்வேன்). சர்க்கரைவள்ளிக் கிழங்கு நூறு கிராமுக்கு 86 கலோரி, ஆனால் காயவைத்தால் தண்ணீர் போய்விடும், கலோரி போகாது. அரை கிலோ கிழங்கு காய்ந்த பிறகு 150 கிராமுக்குள் சுருங்கிவிடும். அதாவது, காய்ந்த சிப்ஸ் 25 கிராம் தின்றாலே அன்றைய பங்கு முடிந்தது. பார்க்கக் கொஞ்சமாகத் தெரிவதால் கை தாராளமாகப் போய்விடும். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு துண்டு. தெருவில் எல்லோரும் பாசத்தோடு போடுகிற குளுக்கோஸ் பிஸ்கட் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 450 கலோரி. நாலு பிஸ்கட்டில் மிளகின் பங்கு தீர்ந்துவிடும், அதுவும் சர்க்கரையும் மைதாவுமாக.

பயிற்சிக்குக் கையில் வைத்துக்கொள்ள மொறுமொறுப்பாக ஏதாவது வேண்டுமென்றால் ராகி இருக்கிறது. ஒரு கப் ராகி மாவு, ஆவியில் வெந்து மசித்த பரங்கிக்காய் அரை கப், ஒரு முட்டை. ராகி மாவு தானாகச் சேர்ந்து நிற்காது, விரிசல் விடும், அதற்குத்தான் முட்டை. சப்பாத்தி போலத் தேய்த்துக் கத்தியால் சின்னச் சதுரமாகக் கீறி, 170 டிகிரியில் 25 நிமிடம். கோடையில் கெட்டித் தயிரில் வெள்ளரித் துருவலைக் கலந்து ஐஸ் ட்ரேயில் உறையவைத்துக் கொடுப்பேன். பால் பொருள் ஒத்துக்கொள்ளாத நாய் என்றால் தயிர் வேண்டாம், தண்ணீரே போதும்.

எந்தப் புதுக் காயானாலும் முதல் நாள் இரண்டு துண்டு மட்டும் கொடுத்துவிட்டு, மறுநாள் மலம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். பீட்ரூட் கொடுத்தால் சிவப்பாகப் போகும், ரத்தம் என்று பயப்பட வேண்டாம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வாயு. பச்சை விட்ட, முளை விட்ட உருளைக்கிழங்கு கூடவே கூடாது. சோளக் கதிரின் தண்டைக் கடிக்க விடாதீர்கள், குடலில் அடைத்துக்கொண்டு ஆபரேஷன் வரை போகும். காய் இல்லையென்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன்: திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், சைலிட்டால் என்ற மாற்றுச் சர்க்கரை சேர்த்த சர்க்கரையில்லா இனிப்புகள் ஒரு துண்டுகூடக் கொடுக்கக் கூடாது. பாயசத்தில் கிடக்கும் திராட்சையும் இதில் சேர்த்திதான்.

"நாய் மாமிசம் தின்கிற பிராணி, அதற்குப் போய்க் கிழங்கா?" என்று ஊரிலிருந்து வந்த மாமா கேட்டார். நியாயமான கேள்வி. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் நேச்சர் இதழில் இதைப் பற்றி எழுதியிருந்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஒரு மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிதான் இருக்கிறது. நாய்க்கு 4 முதல் 30 வரை இருக்கிறது. நம்மோடு சேர்ந்து நாம் சாப்பிடுவதைச் சாப்பிட்டே பழகிய உடம்பு அது. அதற்காகக் காயே முழுச் சாப்பாடாகிவிடாது. மிளகின் தட்டில் கோழியும் முட்டையும் எப்போதும் உண்டு.

நீரிழிவு உள்ள நாய், சிறுநீரில் கல் வந்த நாய் என்றால் கிழங்கும் கீரையும் கொடுப்பதற்கு முன் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். பல் போன வயதான நாய் என்றால் மசித்த பரங்கிக்காய் போல வேறொன்று இல்லை. எங்கள் கீழ்வீட்டுப் பாட்டியின் நாய்க்குப் பதின்மூன்று வயது, இரண்டு பல்தான் மிச்சம். மசித்ததை ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைத்து, வாரத்துக்கு ஏழு கட்டி கொடுத்தனுப்புகிறேன். பாட்டி ஒரு கட்டியைக் கிண்ணத்தில் இளகவிட்டு, விரலால் எடுத்து ஊட்டுகிறார்.