விடுதிக்கு அனுப்புவது – கடிதம்

ஐயா,

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். தக்காளி விவசாயம். நான் ஐடிஐ ஃபிட்டர் முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். தங்கை அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, உயிரியலோடு கணிதமும் எடுத்தவள், 531 மார்க். மாமா கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் என்கிறார். டீச்சர் நர்சிங் என்கிறார். வேளாண்மை என்றும் சிலர் சொல்கிறார்கள். எதற்கு ஸ்கோப் இருக்கிறது? அப்பாவுக்கு ஹாஸ்டலில் விட மனமில்லை. வயசுப் பெண், பக்கத்திலேயே ஏதாவது ஒரு காலேஜ் போதும் என்கிறார். நான் படிக்காதவன், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

– ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள தம்பி,

ஐடிஐ முடித்த ஃபிட்டர் தன்னைப் படிக்காதவன் என்று எழுதக்கூடாது. இனி எழுதாதீர்கள்.

ஸ்கோப் பற்றிச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்றும் நல்ல படிப்புதான். தக்காளிக்கு விலை கிடைக்காத ஊரிலிருந்து ஒரு பெண் வேளாண்மை படித்தால் எனக்குச் சந்தோஷம், ஆனால் அது என் ஆசை. உங்கள் கடிதத்தில் மாமா பேசுகிறார், டீச்சர் பேசுகிறார், அப்பா பேசுகிறார். தங்கை எங்கே? அவளைக் கேட்டீர்களா?

சரி, அந்த ஹாஸ்டல் விஷயத்துக்கு வருகிறேன். ஓசூரில் ஷிப்ட் முடிகிற நேரத்தில் வரிசையாக வரும் கம்பெனி பஸ்களைத் தினமும் பார்ப்பீர்கள். கழுத்தில் ஐடி கார்டோடு இறங்குகிற பெண்களுக்கு என்ன வயது? பதினெட்டு, பத்தொன்பது. பென்னாகரம், அரூர், ஏன் உங்கள் பாலக்கோட்டுப் பெண்களும் அதில் உண்டு. ஹாஸ்டலில்தான் இருக்கிறார்கள். இராத்திரி ஷிப்டும் பார்க்கிறார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து விட்டுப் போனவர்கள் அவர்களின் அப்பாக்கள்தான். அந்தப் பெண்களை ஒரு சொல் குறைத்துப் பேச மாட்டேன், வீட்டுக் கடனை அடைக்கிறவர்கள் அவர்கள். அப்பாக்களைத்தான் கேட்கிறேன். சம்பளம் வருகிற ஹாஸ்டலுக்கு அனுப்பலாம், படிக்கிற ஹாஸ்டலுக்கு மட்டும் ஆகாதா? அங்கே வராத பயம் இங்கே எப்படி வருகிறது? கைக்காசு போய்விடும் என்கிற கணக்குக்குத்தான் நாம் பயம் என்று பேர் வைத்திருக்கிறோம்.

அந்தக் கணக்கும் தப்பு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு, 2021 முதல் பொறியியலுக்கும் வேளாண்மைக்கும் உண்டு. அதில் இடம் கிடைத்தால் விடுதிக் கட்டணத்தையும் சேர்த்து அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே விழும்.

என் அக்கா என்னைவிட நன்றாகப் படித்தவள். சேலத்தில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. ஹாஸ்டலா, வேண்டாம் என்றார் அப்பா. இரண்டு வருடம் கழித்து என்னைக் கோயம்புத்தூருக்கு அனுப்பியபோது அவர் எதுவும் யோசிக்கவில்லை. எனக்கு ஒரு தகரப் பெட்டி வாங்கினார். மூடியில் வெள்ளை பெயின்டில் என் பெயரை எழுதியது அக்கா. பிரஷ் இல்லை, வேப்பங்குச்சியின் நுனியைக் கடித்து நைத்து அதால் எழுதினாள். கடைசி எழுத்து காய்வதற்குள் கைபட்டு இழுத்துக்கொண்டது. தாவணி முனையில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இடம் போன அன்றைக்கே அப்பாவிடம் நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பெட்டி இன்னும் பரணில் இருக்கிறது.

நீங்கள் வாய் திறங்கள் தம்பி. வேலை நாளாகப் பார்த்து லீவு போட்டு, அப்பாவையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு பர்கூர் அரசு பொறியியல் கல்லூரிக்குப் போங்கள். இன்னொரு நாள் ரயிலேறி கோவை வேளாண் பல்கலைக்கழகம். பெண்கள் விடுதி வாசலில் நின்று அப்பாவே வார்டனிடம் கேட்கட்டும்: கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள், வீட்டுக்கு எப்போதெல்லாம் அனுப்புவீர்கள். ஒரு அப்பா கேட்க வேண்டிய கேள்விகள்தான் இவை. அப்புறம், வருமானச் சான்று, சாதிச் சான்று இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் இந்த வாரமே எழுதிப் போட்டுவிடுங்கள். அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.