பல்லுக்கு முப்பரிமாண எக்ஸ்ரே: நம்ம ஊர்க்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பல் எக்ஸ்ரே பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. பல்லையும் தாடையையும் முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரேதான் சிபிசிடி ஸ்கேன். அது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கோபிசெட்டிபாளையம்: கீழ் ஞானப்பல்லைப் பிடுங்க ஓபிஜி எடுத்தாச்சுங்க. இப்போ சிபிசிடியும் வேணுமாம். காசு பிடுங்கற வேலைதானுங்களே?

எப்போதும் அப்படிச் சொல்ல முடியாதுங்க. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் ஓடுகிறது. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு அதற்குள்தான் போகிறது. ஓபிஜி என்பது இரண்டு தாடையையும் ஒன்றாகக் காட்டும் தட்டைப் படம்; வேரும் குழாயும் ஒன்றின்மேல் ஒன்று விழும். நரம்பு வேருக்கு நாக்குப் பக்கம் போகிறதா, கன்னப் பக்கமா, ஒட்டிக்கொண்டே போகிறதா என்று அதில் தெரியாது. உங்கள் படத்தில் குழாயின் வெள்ளைக் கோடு வேர் இருக்கும் இடத்தில் அறுந்திருந்தாலோ, வேர் அங்கே கறுத்திருந்தாலோ சிபிசிடி கேட்பது நியாயம்தான். நரம்பை ஒட்டி வேர் இருந்தால் சிலருக்குப் பல்லின் தலையை மட்டும் வெட்டியெடுத்து, வேரை உள்ளேயே விட்டுவிடுவார்கள். கோடு முழுசாக, வேரைவிட்டு விலகி ஓடுகிறதா? அப்படியென்றால் "ஸ்கேன்ல எதைப் பார்க்கப் போறீங்க?" என்று டாக்டரிடமே கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அவசரம் வேண்டாம்.

திருப்பூர்: இம்பிளாண்ட்டுக்கு அவசியமா?

பெரும்பாலும் ஆமாம். பல் போன இடத்தில் எலும்புக்குள் திருகு பதித்துப் பல் கட்டுவதுதான் இம்பிளாண்ட். தட்டைப் படம் எலும்பின் உயரத்தைக் காட்டும், அகலத்தைக் காட்டாது. உயரம் போதும் என்று நம்பித் திறந்தால் எலும்பு கத்தி முனை மாதிரி மெலிந்திருக்கும். கீழ்த்தாடையில் திருகின் முனைக்கும் நரம்புக்கும் நடுவே 2 மி.மீ. இடமாவது விடுவது வழக்கம். மேல்தாடையில் சைனஸ் என்கிற காற்றறை எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

பொள்ளாச்சி: மேல் கடைவாய்ப்பல்லில் ரூட் கெனால் முடிந்தும் வலி நிற்கவில்லை.

அந்தப் பல்லில் பலருக்கு நாலாவது கெனால் (வேருக்குள் ஓடும் குழாய்) ஒன்று ஒளிந்திருக்கும். அது விட்டுப்போயிருந்தால் சிபிசிடியில் சிக்கும். ஆனால் உலோகக் கேப் போட்டிருந்தால் படத்தில் கோடு கோடாக விழும். மயிரிழை விரிசலை அதில் நம்பிச் சொல்ல முடியாது.

பென்னாகரம்: போர்த்தண்ணி குடித்துப் பையனுக்குப் பல்லெல்லாம் பழுப்பு. ஸ்கேன் எடுக்கலாமா?

வேண்டாம். தண்ணியில் இருக்கும் புளோரைடால் வரும் கறையைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். சொத்தைக்கும் சாதாரணச் சின்ன எக்ஸ்ரே போதும். சிபிசிடியின் கதிர்வீச்சு ஆஸ்பத்திரி சிடியைவிடப் பொதுவாகக் குறைவு, ஓபிஜியைவிடப் பெரும்பாலும் அதிகம். குழந்தைகளுக்குக் காரணமில்லாமல் எடுக்கக் கூடாது. கோரைப்பல் முளைக்காமல் உள்ளேயே படுத்து, முன்பல் வேரை அரிக்கிறதோ என்ற சந்தேகம் வந்தால் அது வேறு கதை.

தாராபுரம்: அமுச்சி (அம்மாவின் அம்மா) மூக்குத்தியைக் கழற்றவே மாட்டேங்கறாங்க.

கழற்றித்தான் ஆகணும், தோடும் சேர்த்து; உலோகம் இருந்தால் படத்தில் கோடு விழும். இயந்திரம் தலையைச் சுற்றி வரும் அரை நிமிடத்துக்குள் தலை அசையவும் கூடாது. அப்புறம், பிரிண்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். டைகாம் ஃபைலையும் (ஸ்கேனின் முழுக் கம்ப்யூட்டர் பதிவு) சிடியிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். கோயம்புத்தூரில் இன்னொரு டாக்டரிடம் காட்டும்போது பெரும்பாலும் மறுபடி எடுக்கச் சொல்ல மாட்டார்கள்.