மின்சாரக் காரை 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் போட்டால் பேட்டரி சீக்கிரம் போய்விடுமா?

புதுக் கார் எடுத்து, நாலு வீடியோ பார்த்துப் பயந்துபோய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் எட்டு மாதம் 80-ஐத் தாண்ட விட்டதில்லை. ராத்திரி அலாரம் வைத்து எழுந்து பிளக்கைப் பிடுங்குவேன். "பிள்ளை அழுதப்பகூட இப்படி எந்திரிச்சதில்ல" என்று வீட்டில் பேச்சு வாங்கியதுதான் மிச்சம்.

ஒருநாள் தேனியில் விசேஷம் முடிந்து மதுரைக்குத் திரும்பினோம். உசிலம்பட்டியில் மீட்டர் 29 சதவீதம் காட்டியது. தாராளமாக வீடு சேரலாம். செக்கானூரணி நெருங்கும்போது சடாரென்று 6. ஏசியை அணைத்து, உருட்டாத குறையாக ஒரு லேத் பட்டறை வாசலில் நிறுத்தினேன். நல்லவேளை, அங்கே 15 ஆம்பியர் பிளக் இருந்தது. இரண்டு மணி நேரத்தில் ஆறு யூனிட் போல ஏறியது. பட்டறைக்காரர் காசு வாங்கவில்லை. "டீசல் வண்டின்னா கேன்ல வாங்கியாந்திருக்கலாம்ணே" என்றார். மச்சான் இன்றுவரை அதை எல்லா விசேஷத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சர்வீஸில் பார்த்த பையன், "சார், உங்க வண்டியில இருக்கிறது எல்எஃப்பி. வாரம் ஒருதடவை நூறு வரைக்கும் போடணும்னு புக்குலயே இருக்கே" என்றான். இந்த இரும்பு பாஸ்பேட் வகையில் சார்ஜ் இறங்கினாலும் நடுவில் வோல்டேஜ் பெரிதாக மாறாது. அதனால் மீட்டர் குத்துமதிப்பாகத்தான் ஓடும். முழுசாக நிறைந்தால்தான் கணக்கு நேராகும். பேட்டரிக்கு ஒன்றுமில்லை, கணக்குதான் தப்பியிருந்தது.

உடனே "என் காருக்கு 80 தான் சொன்னார்கள்" என்று சண்டைக்கு வராதீர்கள். நிக்கல் கலந்த என்எம்சி வகைக்கு அது சரிதான். வெளியூர் போகும் நாளில் மட்டும் நூறு போடுங்கள். நான் பி.காம்., இன்ஜினியர் இல்லை. உங்கள் வண்டி எந்த வகை என்று கையேட்டைப் பாருங்கள். தினமும் ஃபாஸ்ட் சார்ஜரையே நம்பி ஓட்டாதீர்கள். எந்த வகையானாலும், நிறையச் சார்ஜோடு வெயிலில் நாள்கணக்காகப் போட்டுவைப்பது ஆகாது.

மே மாத மதுரையில் நிழலுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். எங்கள் அபார்ட்மெண்டில் ஒரே ஒரு வேப்பமரம். அதன் அடியில் சங்கத் தலைவரின் பெட்ரோல் கார், கவர் போட்டு, இரண்டு வருஷமாக நகராமல் நிற்கிறது. இடம் மாற்றிக் கேட்டேன். "பெயின்ட் வெளுத்துரும் சார்" என்கிறார்.