அப்பா உயிலில் எழுதினாலும் அண்ணன் கார்டியன் ஆகிவிட முடியாது

கேள்வி: என் இளைய மகனுக்கு 31 வயது. அறிவுசார் குறைபாடு 75 விழுக்காடு என்று சான்று உள்ளது. கணவர் காலமாகிவிட்டார். "அப்பா உயிலில் என்னைத்தான் தம்பிக்குக் கார்டியனாகப் போட்டிருக்கிறார்" என்கிறான் மூத்த மகன். நோட்டரி முத்திரை வைத்த ஒரு தாளும் வைத்திருக்கிறான். வீட்டை விற்கத் தம்பியின் கைரேகையைக் கேட்கிறான். உயிலில் வீட்டைப் பற்றி எதுவும் இல்லை. நான் என்ன செய்ய? – ஒரு தாய், கும்பகோணம்

பதில்: அம்மா, எந்தத் தாளிலும் மகனின் ரேகையை வைக்க விடாதீர்கள். அவருடைய ஆதாரும் வீட்டின் மூலப்பத்திரமும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

18 வயது முடிந்த பிள்ளைக்கு உயில் மூலம் கார்டியன் நியமிக்கச் சட்டத்தில் இடமில்லை. அந்த உரிமை மைனர் பிள்ளைகளோடு சரி. நோட்டரி தாளுக்கும் மதிப்பில்லை. அதில் என்ன எழுதியிருக்கும் தெரியுமா? "நான் மனப்பூர்வமாகச் சம்மதித்து" என்று ஆரம்பித்து, கீழே எழுத்தே படிக்கத் தெரியாத பிள்ளையின் ரேகை. சம்மதிக்கும் நிலையில் அவர் இருந்தால் கார்டியன் எதற்கு? இதையே ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு 'கார்டியன் பத்திரம்' என்று விற்கும் ஆட்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உண்டு. அவர்களிடம் ஒரு ஜெராக்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

உங்கள் மகனுக்குக் கார்டியன் நியமிக்கும் வழி 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்ற நான்குக்கும் இது பொருந்தும். நியமிப்பது மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர் குழு, எல்.எல்.சி. என்பார்கள். தஞ்சாவூர் கலெக்டர் அலுவலகத்தில், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் 'படிவம் ஏ' கொடுங்கள். கூடவே மாற்றுத்திறனாளி சான்று, வயதுச் சான்று, கணவரின் இறப்புச் சான்று, உறவைக் காட்டும் ஆவணம், இருவரின் புகைப்படம். வக்கீல் கட்டாயமில்லை.

"மூத்தவர் சம்மதக் கடிதம் இருந்தால்தான் வாங்குவோம்" என்று அலுவலகத்தில் உங்களைத் திருப்பி அனுப்பலாம். பெற்றோர் விண்ணப்பிக்க அண்ணன் சம்மதம் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அவருக்கு ஆட்சேபனை இருந்தால் குழு முன் வந்து சொல்லட்டும். மனுவுக்கு ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது குழு கூட வேண்டும் என்பது சட்டம். அந்தக் கூட்டத்துக்குத் தாய்மார் ஏன் மாதக்கணக்கில் படியேற வேண்டும்? இழுத்தடித்தால், கடைசிக் கூட்டம் எப்போது நடந்தது, உங்கள் மனு என்ன ஆனது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பல இடங்களில் இதற்குப் பிறகுதான் கோப்பு நகர்கிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அறிவுசார் குறைபாடு வேறு, மனநோய் வேறு. சான்றில் ஸ்கிசோஃப்ரினியா போன்ற மனநோய் மட்டும் இருந்தால் எல்.எல்.சி. அந்த மனுவை எடுக்க முடியாது. 2017 மனநலச் சட்டத்தில் நியமனப் பிரதிநிதி உண்டு, ஆனால் அவர் வேலை சிகிச்சையோடு முடிந்தது; சொத்தில் கைவைக்க முடியாது. சொத்துக்கு ஆள் நியமிக்க 1987 பழைய மனநலச் சட்டத்தில் இருந்த பிரிவும் அந்தச் சட்டத்தோடு போய்விட்டது. அதற்கு ஈடாக எதையும் வைக்காமல் எடுத்துவிட்டார்கள். அந்தக் குடும்பங்கள் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு வழியாகவோ, உயர் நீதிமன்ற ரிட் வழியாகவோதான் போக வேண்டியிருக்கிறது. உங்கள் சான்றில் என்ன வார்த்தை இருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

வீட்டு விஷயம். இந்து வாரிசுரிமைச் சட்டம் 28-ஆம் பிரிவின்படி, நோயோ உடல், மனக் குறையோ யாருடைய பங்கையும் பறிக்காது. வீடு கணவரின் சுயசம்பாத்தியம், மாமியாரும் வேறு பிள்ளைகளும் இல்லை என்றால் உங்கள் மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு. வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பொது அதிகார ஆவணமோ ஏற்கெனவே பதிவாகியிருந்தால், அதை ரத்து செய்யச் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். மகன் சார்பில் நீங்களே 'அடுத்த நண்பர்' (தானே வழக்கு நடத்த முடியாதவருக்காக நிற்பவர்) ஆக வழக்குப் போடலாம். கூடவே விற்பனைக்குத் தடையாணை கேளுங்கள். வழக்குக்கு எல்.எல்.சி. உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கார்டியன் ஆன பிறகும் மகன் பங்கை நீங்கள் நினைத்தபடி விற்க முடியாது. விற்க நேர்ந்தால் கோர்ட் அனுமதி வாங்கிவிடுங்கள். நியமனமான ஆறு மாதத்துக்குள் அவர் சொத்து, கடன் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். கணக்குக் காட்டாத தாய் என்று மூத்தவர் நாளை குழு முன் நிற்க இடம் கொடுக்காதீர்கள். பணத்தைக் கையாடினால், பிள்ளையைக் கவனிக்காமல் விட்டால் கார்டியனை நீக்க 17-ஆம் பிரிவு உண்டு. மூத்தவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் உத்தரவு வாங்கி இப்படி நடந்துகொண்டால் அதே பிரிவு உங்களுக்கும் உதவும்.