என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) அஃபென்ஸ் விருதுகள்: கேள்வி பதில்

கேள்வி: எம்விபி (சீசனின் மிக மதிப்புமிக்க வீரர் விருது) இருக்கும்போது சிறந்த அஃபென்ஸ் (பந்தை வைத்துத் தாக்கும் பக்கம்) வீரர் விருது எதற்கு?

பதில்: பேருக்குத்தான் எம்விபி எல்லோருக்கும் பொது. நடப்பில் அது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்குகளின் சொத்து. மற்றவர்களில் அதைக் கடைசியாக வாங்கியவர் 2012-இல் 2,097 கெஜம் ஓடிய ஏட்ரியன் பீட்டர்சன். அதனால் அஃபென்ஸ் விருது பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்குக்கும் பாஸைப் பிடிக்கும் ரிசீவருக்கும் ஆறுதல் பரிசாகிவிட்டது. 2019 முதல் 2024 வரை வாங்கியவர்கள்: மைக்கேல் தாமஸ், டெரிக் ஹென்றி, கூப்பர் கப், ஜஸ்டின் ஜெபர்சன், கிறிஸ்டியன் மெக்காஃப்ரி, சாக்வான் பார்க்லி. ஒரு குவாட்டர்பேக்கும் இல்லை.

கேள்வி: சூப்பர் பௌல் (இறுதிப் போட்டி) ஜெயித்ததால்தானே பார்க்லிக்குக் கிடைத்தது?

பதில்: இல்லை. பிளே ஆஃப் (சீசன் முடிந்து வரும் நாக் அவுட் சுற்று) தொடங்கும் முன்பே ஓட்டு முடிந்துவிடும். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 16 ஆட்டங்களில் 2,005 கெஜம் ஓடியதற்குக் கிடைத்தது அது. எரிக் டிக்கர்சனின் 1984 சாதனையான 2,105-ஐத் தாண்ட 101 கெஜம்தான் பாக்கி. ஆனாலும் கடைசி ஆட்டத்தில் அவரை உட்காரவைத்தார்கள். என்னைக் கேட்டால் சரியான முடிவு.

கேள்வி: 2024-இல் ஆல் ப்ரோ (ஒவ்வொரு இடத்துக்கும் லீக்கின் சிறந்தவர்கள்) முதல் அணியின் குவாட்டர்பேக் லமார் ஜாக்சன், எம்விபி மட்டும் ஜாஷ் ஆலனுக்கா? அநியாயம்!

பதில்: இரண்டுக்கும் ஓட்டுப் போட்டது அதே ஐம்பது ஊடகக்காரர்கள்தான். 'யார் நன்றாக ஆடினார்', 'யார் இல்லாவிட்டால் அணி கவிழும்' என்று இரண்டு கேள்விகளாகப் பிரித்துக்கொண்டார்கள். எம்விபிக்கான முதலிட ஓட்டு ஆலனுக்கு 27, ஜாக்சனுக்கு 23.

கேள்வி: ஜாக்சனின் 41 டச் டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) பாஸ் எங்கே, ஆலனின் 28 எங்கே?

பதில்: ஆலன் ஓடி எடுத்த 12-ஐ விட்டுவிட்டீர்களே. அந்த சீசனுக்கு முன் ஆலனின் அணி பஃபலோ தன் முதன்மை ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸை ஹூஸ்டனுக்கு அனுப்பிவிட்டது. இருக்கிறவர்களை வைத்து ஆலன் ஒப்பேற்றினார் என்ற வாதம் அங்கேதான் பிறந்தது. ஆனால் ஜாக்சன் 4,172 கெஜம் எறிந்தார், 915 கெஜம் ஓடினார், இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்த பாஸ்) வெறும் நான்கு. என் ஓட்டு அவருக்குத்தான் போயிருக்கும். அதற்காக அநியாயம் என்று கத்த மாட்டேன்.

கேள்வி: அப்படியானால் ஜாக்சனுக்கு அஃபென்ஸ் விருதையாவது கொடுத்திருக்கலாமே?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பிளே ஆஃபில் பார்க்லி ஆடியதைக் கணக்கில் எடுத்தார்களா?

பதில்: இரண்டாவது பதில்.

கேள்வி: அஃபென்ஸ் விருதை லைன்மேன் (முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுப்பவர்) யாராவது வாங்கியதுண்டா?

பதில்: இல்லை. தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்யும் டைட் எண்டும் இல்லை. 2025 சீசனில் லைன்மேன்களுக்கென்று தனி விருதே தொடங்கிவிட்டார்கள்.

கேள்வி: ஃபேன்டசியில் (நாமே கற்பனை அணி கட்டி ஆடும் விளையாட்டில்) யாரை எடுக்கலாம்?

பதில்: அது வேறு கடை.

கேள்வி: கிக்கர் (பந்தை உதைப்பதற்கென்றே இருப்பவர்) எம்விபி வாங்கினார் என்பது கதையா?

பதில்: நிஜம். 1982, வாஷிங்டனின் மார்க் மோஸ்லி. வேலைநிறுத்தத்தால் சீசன் 9 ஆட்டங்களாகச் சுருங்கிய வருஷம்.